இயந்திரத்தை மீண்டும் இயக்குமுன்

சமஸ்தானக் காலமாகிய 1946இல் தோன்றிய கொச்சுவேளி டைட்டானியம் தொழிற்சாலையின் எண்ணெய்க் குழாயொன்று 2021 பிப்ரவரி 10ஆம் தேதி உடைந்து, ஃபர்னஸ் ஆயில் கடலிற் கலந்து, வேளிக் கரை மணலைக் கறுப்பாக்கிய சம்பவத்தைத் திருவனந்தபுரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆலைக்குள் நேரும் பழுது அதன் மதிலோடு நிற்பதில்லை. ஆகையால், இயந்திரத்தை ஓட்டத் தொடங்குமுன் பாதுகாப்புப் பரிசோதனை எப்பொழுது அவசியம் என்னும் வினா, பொறியாளருக்கு மட்டுமன்றி, அங்கே ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவருக்கும் மதிலுக்கு வெளியே குடியிருப்பவருக்கும் உரியதாகும்.

புதிய ஆலைக்குப் பரிசோதனை வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. பழைய ஆலையில்தான் மனிதர் ஏமாறுகின்றனர். தேய்ந்த வால்வுக்குப் பதிலாக அதே அளவும் தரமும் உடைய வால்வைப் பொருத்தினால் தனிப் பரிசோதனைக்கு அவசியமில்லை. ஆனால் குழாயின் விட்டமோ, உலோகமோ, வெப்ப அழுத்தங்களின் எல்லையோ, மூலப்பொருளோ, அபாய மணியின் அமைப்போ மாறி, அதனால் ஆலையின் வரைபடத்தையும் இயக்கக் குறிப்புகளையும் திருத்தி எழுத நேருமாயின், அக்கணமே பரிசோதனை கடமையாகிவிடுகிறது. அமெரிக்க அரசு 1992இல் அபாயகரமான ரசாயன ஆலைகளுக்கு விதித்த அளவுகோலும் இதுவே. நெடுநாள் நின்றுபோன ஆலையையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில், விரிசல் கண்ட ரியாக்டர் ஒன்றை அகற்றிவிட்டு, அதன் இருபுறத்து ரியாக்டர்களையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தபோது, அதற்கென வரையப்பட்ட ஒரே படம் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் இட்ட கோடுகளே. அக்குழாய் 1974 ஜூன் 1ஆம் தேதி பிளந்து 28 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நமக்கு அண்மையதும் நெஞ்சை அதிகம் வருத்துவதும் விசாகப்பட்டினத்துச் சம்பவம். எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் சேமித்த தொட்டியின் உட்குழாய் அமைப்பை 2019 டிசம்பரில் மாற்றியதால் திரவம் செவ்வனே சுழன்று கலவாமற்போனதையும், ஊரடங்கில் ஆலை நின்றிருந்த வாரங்களில் தொட்டிக்குள் வெப்பம் ஏறியதையும், பின்னர் அமைந்த உயர்நிலை விசாரணைக் குழு எடுத்துரைத்தது. அம்மாற்றம் நடந்த அன்றே அதன் விளைவை ஆராய்ந்திருந்தால், 2020 மே 7ஆம் தேதி விடியுமுன், உறங்கிக்கொண்டிருந்த ஊரை ஸ்டைரீன் ஆவி சூழ்ந்திராது. 12 பேர் மாண்டனர். அதன் பின்னரே, ஊரடங்குக்குப் பின் திறக்கும் ஆலைகள் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகவே கருத வேண்டும், உற்பத்தி இலக்கைத் துரத்தலாகாது என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது.

பரிசோதனை என்பது அதிகாரி கையொப்பமிடும் காகிதமாக மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. கட்டியது வரைபடப்படி இருக்கிறதா, முன்னர் கண்ட குறைகள் தீர்ந்தனவா, அவசரகால வழிமுறைகள் ஆயத்தமா என்பதோடு, ஓட்டப்போகிறவருக்கு மாற்றத்தைப் பற்றி அவருக்குப் புரியும் பாஷையில் பயிற்சி அளிக்கப்பட்டதா என்றும் நேரில் பார்த்தாக வேண்டும். கேரளத்து ஆலைகளில் தமிழரும் வடநாட்டாரும் வேலை செய்கையில் மலையாளத்தில் மட்டும் எழுதிய பலகை யாரைக் காக்கும்?

தொழிலாளிக்கு உரிமை உண்டு. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமான அச்சம் கொண்டவர், அதை நிர்வாகத்துக்கும், அதே சமயத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த விதி கூறிற்று. இவ்வுரிமை 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆய்வாளர்கள் சார்ந்துள்ள கேரளத் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறையின் தலைமையிடம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அபாயகரமான பொருளால் விபத்து நேர்ந்துவிட்டால், பாதிக்கப்பட்ட தொழிலாளரல்லாத பொதுமக்கள், 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, எவர் மீது குற்றம் என்று நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம். அதற்கு விபத்து நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் உண்டு.