கணிப்பொறிக்கு ஒரு துபாஷி

புதுச்சேரியில் டூப்ளே துரையிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். இரு மொழிகளைக் கற்று, ஒருவர் கூற்றை மற்றவர்க்கு உடனுக்குடன் எடுத்துரைப்பவர் துபாஷி. பெங்களூரில் வந்து குடியேறிய தமிழ் மக்களுக்கு அத்தொழில் புதிதன்று. வீட்டில் தமிழ், சிவாஜிநகர்க் கடைத்தெருவில் கன்னடமும் உருதும், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாள்தோறும் மொழிவிட்டு மொழி தாவுகிறவர்கள் நாம். கணிப்பொறிக்கும் இத்தகைய துபாஷி ஒன்று வேண்டியிருக்கிறது. அதனை வேற்றுப் பொறியொன்றில் எவ்வாறு உருவாக்கி அமர்த்துகிறார்கள் என்பதை இங்கே சிறிது விளக்க எண்ணுகிறேன். இந்நகரில் உங்கள் மக்களோ மருமக்களோ கணிப்பொறித் துறையில் பணியாற்றக் கூடும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, 'இன்று முழுவதும் பெர்ல் கம்பைல் செய்தேன். முடியவில்லை' என்று அவர் சொன்னால், அவர் எதனோடு மல்லாடினார் என்பது வீட்டாருக்கு விளங்க வேண்டுமல்லவா?

கணிப்பொறிக்கு நேராக விளங்குவது சுழியும் ஒன்றும் மட்டுமே. மனிதன் எழுதும் நிரல் மனிதனுக்கு இசைந்த மொழியில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் பாலம் அமைக்க வழிகள் இரண்டு உண்டு. ஒரு நூல் முழுவதையும் முன்கூட்டியே மொழிபெயர்த்து அச்சிட்டுக் கொடுத்துவிடுவது ஒரு வழி. இதைச் செய்யும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். பேச்சு நடக்கும்போதே உடனிருந்து வாக்கியத்துக்கு வாக்கியம் பொருள் சொல்லி நடத்துவது மற்றொரு வழி; இதைச் செய்வது இண்டர்பிரிட்டர். இதனைத்தான் நாம் துபாஷி என்கிறோம். பெர்ல், பைத்தான் முதலிய மொழிகள் துபாஷியை நம்பி வாழ்பவை. அவற்றில் எழுதிய நிரலை எந்தப் பொறிக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அங்கே அம்மொழியின் துபாஷி முன்பே இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. துபாஷியும் ஒரு நிரலே. பெர்ல் மொழியின் துபாஷி சி என்னும் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே துபாஷியைப் பணியில் அமர்த்துவதற்கு முன், அந்தப் பொறியின் கம்பைலர் அதனை முழுவதுமாக மொழிபெயர்த்தாக வேண்டும். ஒரு துபாஷி பிறக்க வேறொரு மொழிபெயர்ப்பாளர் மருத்துவச்சியாக நிற்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எளிய செயலாகத் தோன்றும். எல்லாப் பொறிகளும் ஒரே வகையாக இருந்தால் எளியதே. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் அதனை வாங்கித் தன் பொறிக்கு ஏற்பத் திருத்தி விற்கலாயிற்று. சன் நிறுவனத்தார் சொலாரிஸ் என்றனர், ஐ.பி.எம். நிறுவனத்தார் ஏ.ஐ.எக்ஸ். என்றனர்; ஹெவ்லெட்-பக்கார்ட் நிறுவனத்தார் எச்.பி.யூ.எக்ஸ். என்றனர். தாய் ஒருத்தியே, ஆயினும் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் அடுப்பங்கரையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறிவிட்டது. இம்மூன்று நிறுவனங்களும் பெங்களூரில் பொறியாளர்களை அமர்த்தித் தத்தம் யூனிக்ஸ் வேலைகளில் ஒரு பகுதியை இங்கேயே நடத்தின. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் இத்தகைய பொறிகளைப் பல்லாண்டுகள் நம்பியிருந்தன. ஆகையால் பெர்ல் துபாஷியை எச்.பி.யூ.எக்ஸில் உருவாக்குவது இந்நகர இளைஞர் பலருக்கு நெடுங்காலம் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது.

பெர்ல் மொழியை 1987-ஆம் ஆண்டு வெளியிட்டவர் லாரி வால் என்பவர். அவர் மொழியியல் கற்றவர். எழுத்தில்லாத மக்கள்மொழி ஒன்றைத் தேடிச் சென்று அதற்கு எழுத்து வகுத்துத்தர வேண்டும் என்பது அவர்தம் இளமை நோக்கமாக இருந்தது. உடல்நலம் அதற்கு இடங்கொடாமல், கணிப்பொறிக்கு மொழி வகுத்தார். மொழியியலாளர் கைபட்ட அடையாளம் அவர் செய்த துபாஷியை உருவாக்கும் முறையிலும் தெரிகிறது. அதனைக் கீழே காண்போம்.

முதல் இடையூறு கம்பைலரே. விலை கொடுத்து வாங்கிய யூனிக்ஸில் கம்பைலர் இல்லாமலா போகும் என்று கேட்கலாம். சொலாரிஸில் அதனைத் தனிச்சரக்காக்கித் தனிவிலை வைத்தனர். கம்பைலரின் பெயரைச் சொல்லி அழைத்தால், 'அத்தொகுப்பு இங்கே நிறுவப்படவில்லை' என்று விடை தருவதற்கென்றே ஒரு சிறு நிரலை வைத்திருந்தனர். கதவைத் தட்டினால், 'ஐயா வீட்டில் இல்லை' என்று சொல்ல ஓர் ஆளை நிறுத்தியது போன்றது இது! எச்.பி.யூ.எக்ஸில் ஒரு கம்பைலர் உடன்வந்தது உண்மை. ஆனால் அது இயங்குதளத்தின் கருவை மீண்டும் கட்டுவதற்கு மட்டும் பயன்படும் பழைய கம்பைலர். 1978-ஆம் ஆண்டு கெர்னிகன், ரிட்சி ஆகியோர் எழுதிய நூலின் இலக்கணமே அதற்குத் தெரியும். 1989-இல் வகுக்கப்பட்ட பொதுத்தர இலக்கணத்தைப் பின்பற்றி எழுதிய வரிகளைக் கண்டால், தொல்காப்பியத்தோடு நின்றுவிட்ட ஒருவர் நன்னூலின் புதிய முடிபைக் கண்டு 'வழு' என்று கூறுவதுபோல், அது ஒவ்வொரு வரிக்கும் 'வழு, வழு' என்று அரற்றும். பெர்ல் புதிய இலக்கணத்தில் எழுதப்பட்டது. உடன்வந்த கம்பைலரைக் கொண்டு அதனை உருவாக்க இயலாது என்று பெர்லோடு வரும் எச்.பி.யூ.எக்ஸ். குறிப்பேடே தெளிவாகச் சொல்கிறது. அதைப் படிக்காமல் இரண்டு நாளை வீணாக்கியவர்கள் எத்தனையோ பேர்.

விலை கொடுக்க மனமில்லாதவர்க்கு வேறு வழி, ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் இலவசமாக வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் கம்பைலர். ஆனால் ஜி.சி.சி.யும் அந்நாளில் சி மொழியில் எழுதப்பட்டதே. அதனை உருவாக்கவும் ஒரு கம்பைலர் வேண்டும். வித்து முந்தியதா, மரம் முந்தியதா என்னும் கேள்வி! கம்பைலர் வைத்திருந்த ஒருவர் ஒருமுறை உருவாக்கி, முடிந்த வடிவத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டதனாலேயே மற்றவர்களுக்கு அது எட்டிற்று.

'நிறுவனத்தாரே பெர்லை உடன் தருகின்றனரே, அதை வைத்துக்கொண்டால் என்ன?' என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் தருவது பெரும்பாலும் பழைய பதிப்பு. அன்றியும், தான் எந்தக் கம்பைலரால் எந்தக் குறிப்புகளோடு உருவானேன் என்பதைப் பெர்ல் தன்னுள் பதித்து வைத்துக்கொள்கிறது. பின்னர்ப் புதிய துணைப்பகுதி ஒன்றைச் சேர்க்க முயன்றால், அதே கம்பைலரை அதே குறிப்புகளோடு அழைக்கும். நிறுவனத்தார் தம் விலைக் கம்பைலரால் செய்தது, நம்மிடமோ ஜி.சி.சி. மட்டுமே உண்டு. இருவர் கைக்குறிப்பும் பொருந்தாமல் வேலை நின்றுவிடும். ஆகையால் தானே உருவாக்கிக்கொள்வது பலருக்கு ஆசையினால் அன்று, தேவையினால் ஏற்பட்டது.

இனிக் 'கன்பிகர்' என்னும் வழிமுறைக்கு வருவோம். பெர்லின் மூலநூலை ஒரு பொறிக்குக் கொண்டுவந்தவுடன் முதலில் ஓட்டுவது இதனைத்தான். புதிய ஊருக்குக் குடிவந்தவர் முதல்நாள் என்ன செய்கிறார்? தண்ணீர் எப்போது வரும், அரிசிக்கடை எங்கே, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார். கன்பிகர் செய்வதும் அதுவே. இந்தப் பொறியில் ஓர் எண்ணுக்கு எத்தனை பைட் இடம்? இன்ன வேலையைச் செய்யும் பகுதி உண்டா, இல்லையா? இருந்தால் எந்த நூலகத்தில் இருக்கிறது? ஆவணத்தில் உள்ளதை அது நம்புவதில்லை. நாலைந்து வரியில் சிறு நிரல் எழுதி, கம்பைலரிடம் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, நேரில் கண்டதையே பதிவு செய்கிறது. அறியாத மக்களிடையே சென்று, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்து, தலையசைப்பைக் கண்டு இலக்கணம் தொகுக்கும் கள ஆய்வாளரின் முறை இது. லாரி வால் மொழியியலாளர் என்று மேலே கூறியது இதனாலேதான். இம்முறைக்குத் துணையாக, 'இன்ன ஊரில் இன்ன குணம்' என்று முன்சென்றவர்கள் எழுதிய குறிப்புகளும் உண்டு, எச்.பி.யூ.எக்ஸுக்கு ஒன்று, ஏ.ஐ.எக்ஸுக்கு ஒன்று, சொலாரிஸுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகளில் அவை பெர்லோடு வருகின்றன.

அடுத்த கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பைலர் முதலில் முழுப் பெர்லை உருவாக்குவதில்லை. 'மினிபெர்ல்' என்னும் குட்டித் துபாஷி ஒன்றை உருவாக்குகிறது. துணைப்பகுதிகளை வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால் பெர்ல் மொழி அதற்குத் தெரியும். எஞ்சிய வேலைகளுக்கான வழிமுறைகள் பெர்ல் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. குட்டித் துபாஷி அவற்றைப் படித்து, துணைப்பகுதிகளை ஒவ்வொன்றாகக் கட்டி, முடிவில் முழுத் துபாஷியை எழுப்புகிறது. கட்டடம் எழுப்ப முதலில் ஒரு சாரம் கட்டுவதை ஒக்கும். வேறுபாடு என்னவெனில், இங்கே சாரமே கொத்தனாராகவும் வேலை செய்கிறது.

இடையே எச்.பி.யூ.எக்ஸ். ஒரு தடையை வைத்திருந்தது. ஒரு நிரல் எடுத்துக்கொள்ளக்கூடிய தரவு நினைவகம் 64 மெகாபைட் என்று இயல்பாக வரையறுத்திருந்தனர். விரைவாக ஓடும் வடிவம் வேண்டுமென்று உயர்ந்த செம்மைநிலையைக் கேட்டால், கம்பைலருக்கு அந்த இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். நிர்வாகியிடம் சென்று அவ்வரம்பை உயர்த்தித்தரக் கேட்க வேண்டும். பெரிய அலுவலகங்களில் அந்த அனுமதி கிடைப்பதற்குக் கம்பைல் செய்வதைவிட அதிகக் காலம் பிடிக்கும் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த செய்தி.

துபாஷி உருவாகிவிட்டது. இனி அவரை நம்பலாமா? அனைத்தினும் முக்கியமான கேள்வி இதுதான். இதற்கென ஒரு பரீட்சை உண்டு. 'மேக் டெஸ்ட்' என்று அழைப்பர். பிற்காலப் பதிப்புகளில் இலட்சக்கணக்கான கேள்விகள் அதில் உள்ளன. கூட்டல் சரியா, எழுத்துகளை வரிசைப்படுத்துவது சரியா, கோப்பைத் திறந்து மூடுவது சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் தேறி நாலைந்து மட்டும் தவறினால், அவசரக்காரர், 'போகட்டும்' என்று நிறுவிவிடுவர். அது தகாது. பிணையப் பெயரைத் தேடும் வசதி அந்தப் பொறியில் அடைக்கப்பட்டிருந்ததனால் தவறிய கேள்வி தீங்கற்றது. எண்ணைப் பற்றிய கேள்வி தவறினால் நிறுவவே கூடாது. கணக்கில் பிழைபடும் துபாஷி உரக்கக் கூச்சலிடுவதில்லை. அமைதியாகத் தவறான விடையைத் தந்துகொண்டே இருப்பார்.

எண்ணைப் பற்றி ஒரு சொல். தமிழில் 'இருபத்தொன்று' என்கிறோம். கன்னடத்தாரும் 'இப்பத்தொந்து' என்பர். பெரிய கூறு முன்னும் சிறிய கூறு பின்னும் வருகின்றன. வடமொழியார் 'ஏகவிம்சதி' என்று ஒன்றை முன்னே வைத்தனர். பொறிகளிலும் இவ்விரு வழக்கங்கள் உண்டு. எச்.பி.யூ.எக்ஸ்., ஏ.ஐ.எக்ஸ். பொறிகள் நம் வழக்கத்தைப் போலப் பெரியதை முன்வைப்பவை. இன்டெல் பொறிகள் சிறியதை முன்வைப்பவை. முன்னதில் நான்கு பைட்டுகளில் எழுதிய 'ஒன்று' என்னும் எண்ணைப் பின்னது தன் வழக்கப்படி படித்தால் 1,67,77,216 என்று படிக்கும். ஒரு ரூபாய் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேலாகிவிடும்! ஒவ்வொரு துபாஷியும் தன் வீட்டு வழக்கப்படி சரியாகவே படிக்கிறது. கோப்பு வீடு மாறியதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆகவே ஊர் விட்டு ஊர் செல்லும் எண்களை எழுதும்போது பொறியின் சொந்த வழக்கத்தை விட்டு, பிணையப் பரிமாற்றத்துக்கென வகுத்த பொது ஒழுங்கில் எழுத வேண்டும். பெர்லில் அதற்குத் தனிக் குறியீடு உண்டு.

இது பழங்கதையன்று. எச்.பி.யூ.எக்ஸின் கடைசிப் பதிப்புக்கு அளித்துவந்த ஆதரவு 2025-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அப்பொறிகளில் இருந்த கணக்குகளை இன்டெல் பொறிகளில் ஓடும் லினக்ஸுக்குக் கொண்டுசெல்லும்போது, பழைய இடத்தில் பெற்ற விடையையே புதிய இடத்திலும் பெறுகிறோமா என்று ஒப்புநோக்க இரு பக்கமும் நம்பத்தக்க துபாஷி வேண்டும். வாடிக்கையாளரின் சேமிப்பு அந்த ஒப்புநோக்கைச் சார்ந்திருக்கிறது.

பரீட்சையில் தேறிய துபாஷியை எங்கே அமர்த்துவது? இயங்குதளத்தோடு வந்த பழைய பெர்லின் இருக்கையில் அமர்த்திவிடலாகாது. அதனை நம்பி ஓடும் நிர்வாக நிரல்கள் இருக்கலாம். தனி அடைவு ஒன்றில் வைத்து, நம் நிரலின் முதல் வரியில் அதன் முகவரியை எழுதிவிட வேண்டும்.

தமிழ்ச் சொற்களையே ஆணைகளாகக் கொண்ட 'எழில்' என்னும் நிரல்மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்து அண்ணாமலை என்பவர் அமைத்தது. 2009-இல் அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் எழுத்துத் தோன்றும். 'முடி' என்றால் அப்பகுதி நிறைவுறும். எழிலின் துபாஷி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானின் துபாஷி சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளையொருவர் ஏ.ஐ.எக்ஸ். பொறியில் தமிழில் ஒரு வரி எழுதிப் பார்க்க விரும்பினால், முதலில் கம்பைலருக்கு வழிசெய்து, பைத்தானை உருவாக்கி, பரீட்சை வைத்து, அதன்பின்னரே எழிலை அமர்த்த வேண்டும். விடுமுறை நாள் ஒன்றில் காலையில் தொடங்கினால், எல்லாம் இசைந்துவரின், மாலைக்குள் முடித்துவிடலாம்.