கோடிங் தெரியாமலே ஆப் உருவாக்கலாம்... தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸுக்கு இது கைகொடுக்குமா?

ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்ப்பவர்களைத் தூங்கவிடாத வார்த்தை ஒன்று உண்டு: 'கட்-ஆஃப்'. கன்டெய்னர் துறைமுகத்துக்குள் வந்துசேர வேண்டிய கடைசி நேரம் அது. தவறவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் வரும்வரை வாடகை ஏறும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியாது.

தூத்துக்குடியிலிருந்து உப்பு, உலர்மலர், திருப்பூர் பனியன் என விதவிதமாகச் சரக்கு போகிறது. ஆனால், பல சின்ன ஆபீஸ்களில் கணக்கு இன்னும் நோட்டு, எக்செல், வாட்ஸ்அப் என மூன்று இடத்தில்தான் கிடக்கிறது. "டிரைவர் கிளம்பிட்டாரா?", "சீல் நம்பர் வந்துச்சா?" என்று கேட்ட மெசேஜ், நூறு குட்மார்னிங்குகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் 'லோ-கோட்' வருகிறது. படிவம், பட்டன், விதி எல்லாம் திரையில் தயாராக இருக்கும். இழுத்துப் போட்டு உங்களுக்கான ஆப்பை நீங்களே அமைக்கலாம். 'லோ-கோட்' என்ற பெயரை ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014-ல்தான் வைத்தது. ஆனால், 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய நம்ம ஊர் ஜோஹோ, 2006-லேயே 'ஜோஹோ கிரியேட்டர்' கொண்டுவந்துவிட்டது. நெல்லையைத் தாண்டினால் தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் அதன் அலுவலகமே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ், கூகுளின் ஆப்ஷீட் ஆகியவையும் இதே ரகம்தான்.

சரி, எப்படி வேலை செய்யும்? கன்டெய்னர் எண், சீல் எண், கப்பல் பெயர், கட்-ஆஃப் நேரம்... இவ்வளவுக்கும் ஒரு படிவம். 'கட்-ஆஃபுக்கு 12 மணி நேரம் முன்பும் சீல் எண் பதிவாகவில்லையென்றால் மேனேஜருக்கு மெசேஜ் போ' என்று ஒரு விதி. டிரைவர் சீலைப் படமெடுத்து போனிலிருந்தே ஏற்றிவிடுவார். குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய செலவு முதலாளியின் ஒப்புதலுக்குப் போகும். தகவலெல்லாம் கிளவுடில் இருப்பதால், ஆபீஸ் கம்ப்யூட்டர் பழுதானாலும் கணக்கு போகாது.

இந்த ஊருக்குக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த கடற்கரை இது. சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம்விட்ட இடம்!

மயங்கிவிடவும் வேண்டாம். ஷிப்பிங் பில் தாக்கல் வழக்கம்போல சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில்தான். அந்த வேலையை உங்கள் ஆப் செய்யாது. பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வேறு. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய சிக்கல் ஆப்பை அமைத்த ஊழியர் வேலையை விட்டுப் போவதுதான். விதிகளை ஏன் அப்படி வைத்தார் என்று யாருக்கும் தெரியாது; லாகின் அவர் சொந்த மெயிலில் இருந்தால் இன்னும் மோசம். எனவே, கணக்கை நிறுவனத்தின் மெயிலிலேயே தொடங்குங்கள். தகவலை எக்செல்லாகத் தரவிறக்க முடிகிறதா, சிக்னல் இல்லாத யார்டிலும் பதிய முடிகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். கன்டெய்னர் பதிவேட்டை மட்டும் ஆப்பில் ஏற்றிப் பாருங்கள். ஒரு மாதத்துக்குப் பழைய நோட்டிலும் கூடவே எழுதிவரட்டும்.