கல்லில் ஏறாத பெயர்கள்

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூடல் சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற பெருமையை முழங்கிவிட்டுக் கோயில் செலவுக் கணக்குக்கு வருகிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனை, அதற்கு வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. வைத்தியருக்குப் பெயர் உண்டு. அந்த வெற்றியை ஈட்டித்தந்த சிப்பாய்களுக்கு இல்லை. கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தி அரசனுக்கென்று எழுதப்படுவது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சிப்பாயின் பெயர் வேண்டுமென்றால் செங்கம் பக்கத்து நடுகற்களுக்குப் போக வேண்டும். ஆநிரை மீட்டு விழுந்தவன் யார், யாருடைய சேவகன் என்று அவை சொல்கின்றன. அரசன் அங்கே ஆட்சியாண்டைக் குறிக்க வருகிறான், அவ்வளவுதான். படைவீரனை நினைவில் வைப்பதை அரசிடமே விட்டுவிட முடியாது என்பதற்கு இந்த இரண்டு வகைக் கல்லும் சாட்சி.

கடல் கடந்து போனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வீரராசேந்திரனின் வேறு கல்வெட்டுகள் வென்றதாகச் சொல்லும் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. பிற்காலத்தில் தமிழர்கள் அந்த நாட்டின் ரப்பர் தோட்டங்களுக்குப் பால்மரம் சீவப் போனார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, அந்தத் தோட்டங்களிலிருந்து ஏராளமானோர் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமி தலைமையேற்ற அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராத பெண்கள். போர் முடிந்ததும் அவர்கள் எந்த அரசின் சிப்பாய்கள்? பிரிட்டனுக்குத் துரோகிகள். சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை செப்டம்பரிலேயே தகர்த்தது. சுதந்திர இந்தியாவும் அவர்களைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்க்கவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில், சிறையிலிருந்த அவர்களின் விடுதலையையும் கேட்டுக் கிளர்ந்த இந்தியக் கடற்படையினருக்கும் கிடைத்தது வேலைநீக்கம்தான். குடியரசு தின அணிவகுப்பில் இந்திய தேசிய ராணுவ முதியவர்கள் நான்கு பேர் இடம்பெற 2019 வரை ஆனது.

ஜான்சி ராணி படையில் இருந்த மலேசியாவின் ஜானகி ஆதிநாகப்பனுக்கு 2000இல் இந்தியா பத்மஸ்ரீ தந்ததே என்று கேட்கலாம். தகுதியான விருதுதான். ஆனால் அது அதிகாரியாக இருந்தவரை, பின்னாளில் அரசியலில் பெயர் பெற்றவரை எட்டியது. அவரோடு நின்ற தோட்டத்துப் பெண்களை அல்ல. மெய்க்கீர்த்தியின் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பெயர்கள் குடும்பங்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும் சங்கங்களிடமும்தான் கிடைக்கும். எந்த அமைச்சகமும் அவற்றைத் தேடித் தோட்டத்து லயத்துக்கு வரப்போவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்திய தேசிய ராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்டது. அதே ஜப்பானியர்தான் மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்று, 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்தார்கள். ஒரே தோட்டத்தில் ஒருவர் படைக்கும் இன்னொருவர் தண்டவாளத்துக்கும் போயிருந்தால், படைவீரருக்கு மட்டும் மாலை போடுவது எப்படி நியாயம்? நியாயமில்லைதான். அதற்காக மாலையே வேண்டாம் என்றாகிவிடாது. சீருடை போட்டவர் எந்தக் கூட்டணியில் நின்றார் என்பதையும், அந்தக் கூட்டணி தன் சனத்துக்கு என்ன செய்தது என்பதையும் ஒரே மேடையில் சொல்ல அந்தத் தோட்டத்துத் தமிழ்ச் சமூகத்தால் முடியும். அரசு விழாவுக்கு அது ஒத்துவராது. அதற்குக் களங்கமில்லாத வீரன் வேண்டும். அந்த ரயில்பாதை போட்ட தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்குத் தனிக் கல்லறை கிடையாது. அங்கே அவர்களுக்காக அண்மையில் நடுகல் நட்டவர்கள் தாய்லாந்திலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள். படையில் போனவர்களின் பட்டியலையும் அவர்களே தொகுக்கலாம், இரண்டு பட்டியல்களிலும் ஒரே குடும்பம் வந்தால் அதையும் மறைக்காமல்.