பட்டம் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை!
உடலின் ரகசியத்தைத் தேடிய மாணவி

ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்கள். ஆபரேஷன் நன்றாக முடிகிறது. ஆனாலும் உடல் சும்மா இருப்பதில்லை. "நீ என்னைச் சேர்ந்தவன் அல்ல" என்று அதைத் தள்ளப் பார்க்கிறது. மருந்து கொடுத்துத்தான் அடக்க வேண்டியிருக்கிறது.

சொந்தம் எது, அயல் எது என்று உடலுக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர், டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி. பெயர் பமீலா பியார்க்மன். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்துப் பெண்.

எலி சொன்ன சேதி

நம் உயிரணுக்களின் மேல் ஒரு வகைப் புரதம் நிற்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறுபடும். உறுப்புகள் எளிதில் பொருந்தாததற்கு இதுவே முக்கிய காரணம்.

1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் பீட்டர் டோஹெர்ட்டி, ரோல்ப் ஜிங்கர்நாகல் என்ற இருவர் எலிகளைச் சோதித்தார்கள். வைரஸ் புகுந்த உயிரணுவை வெள்ளை அணுக்கள் தேடி அழிக்கும். ஆனால் அந்த உயிரணுவின் மேல் தன் உடலுக்கு உரிய புரதம் இருந்தால்தான் அடையாளம் காணும் என்று அவர்கள் கண்டார்கள்.

அந்தப் புரதம் அங்கே என்ன செய்கிறது? அதன் உருவத்தையே யாரும் பார்த்ததில்லை.

பப்பாளியும் கற்கண்டும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் வைலியிடம் பமீலா சேர்ந்தார். அந்த உருவத்தைக் காண்பதே அவருடைய ஆராய்ச்சி.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது. சர்க்கரைப் பாகில் கற்கண்டு விளைவதுபோல, புரதத்தைப் படிகமாக விளைய வைக்க வேண்டும். அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்ச வேண்டும். கதிர் சிதறி விழும் புள்ளிகளை அளந்து கணக்குப் போட்டால் உருவம் கிடைக்கும்.

ஜாக் ஸ்ட்ராமிங்கர் என்ற விஞ்ஞானியின் குழுவும் துணை நின்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களிலிருந்து புரதத்தை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய கத்தி எது தெரியுமா? பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன்! கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே சரக்குதான்.

1984-ல் பமீலாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. படம் கிடைக்கவில்லை! பட்டம் வந்துவிட்டதே என்று அவர் மூட்டை கட்டவில்லை. அதே வேலையைத் தொடர்ந்தார்.

பள்ளத்தில் கிடந்தது என்ன?

1987 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் படம் வெளிவந்தது.

புரதத்தின் உச்சியில் ஒரு பள்ளம். அடியில் பாய் விரித்தது போன்ற தரை. இரு பக்கமும் சுருள் சுருளாகக் கரை. ஒரு மில்லிமீட்டரை 4 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் பள்ளத்தின் நீளம்.

உள்ளே மங்கலாக ஏதோ கிடந்தது. அது அந்தப் புரதத்தின் பகுதி அல்ல. பின் என்ன? அழுக்கா? பிழையா?

அதுதான் விடை! உயிரணுவுக்குள் இருக்கும் மற்றப் புரதங்களின் சிறு துண்டுகள் அவை.

உயிரணுவை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருப்பதில் கொஞ்சம் எடுத்து, தட்டில் வைத்து வாசலில் காட்டுகிறது. அந்தத் தட்டுதான் இந்தப் பள்ளம். வைரஸ் புகுந்திருந்தால் வைரஸின் துண்டும் தட்டுக்கு வரும். ரோந்து வரும் வெள்ளை அணு கண்டுகொள்ளும். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் இந்தப் பள்ளத்திலேயே இருந்தது.

டோஹெர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. பமீலா கலிபோர்னியாவில் 'கால்டெக்' கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். எய்ட்ஸ் வைரஸை எதிர்க்கும் புரதங்களின் உருவத்தை ஆராய்ந்தார்.

நம் பிள்ளைகளுக்கும் வழி உண்டு

இப்படிக் கண்ட உருவம் சரிதானா என்று பார்க்க உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' பயன்படுகிறது. அது 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் தந்தது.

எம்.எஸ்சி. படித்து, 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எப். பெறுகிறவர்கள் மாத உதவித்தொகையுடன் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யலாம்.

"வருஷக் கணக்காக ஒரே புரதத்தைப் பார்க்கிறாயே, என்ன பலன்?" என்று வீட்டில் யாராவது கேட்டால், படம் இல்லாமல் பட்டம் வாங்கிய பமீலாவின் கதையைச் சொல்லுங்கள்.