விருந்துக்குப் பிறகு என்ன? தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு நிலையான நிதித் திட்டம்

நம் நாளிதழ்களில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளி நிதி திரட்டும் விருந்து நடத்தியிருக்கும். மேடையில் பிரமுகர் ஒருவர் மாதிரிக் காசோலையை நீட்ட, தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அதைப் பிடித்தபடி நிற்பர். அடுத்த ஆண்டு அதே பள்ளி, அதே வேண்டுகோள், அதே படம்.

நம்மவர் கொடுக்க மறுப்பவர்கள் அல்லர். திருமணத்தில் மொய், கோயிலில் உபயம், இறப்பு வீட்டில் கைச்செலவுக்குப் பணம் எனக் கொடுத்துப் பழகிய சமுதாயம் இது. அப்படியிருந்தும் நம் பள்ளிகள் ஏன் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன? என் பார்வையில் காரணம் ஒன்றுதான். மாதந்தோறும் வரும் செலவை ஆண்டுக்கொரு முறை வரும் பணத்தால் அடைக்கப் பார்க்கிறோம். மாதச் செலவுக்கு மாத வருவாய் வேண்டும். அந்த வருவாயைத் தரக்கூடியவர்கள் அப்பள்ளியின் முன்னாள் மாணவர்களே. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிக்கு ஏன் பணம் தேவை?

“அரசாங்கப் பள்ளிதானே, பிறகு ஏன் நன்கொடை?” என்று கேட்பவர்கள் உண்டு. நம் பள்ளிகளின் பிறப்பை அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படித் தோட்டத்து நிலத்தில் எழுந்த பள்ளிகள் பல. நாடு விடுதலை பெற்ற பின் ஆசிரியர் சம்பளத்தையும் பாடத்திட்டத்தையும் அரசாங்கம் ஏற்றது. நிலமோ பல இடங்களில் தோட்டத்திடமோ தனியாரிடமோ தங்கிவிட்டது. இவையே பகுதி உதவி பெறும் பள்ளிகள். இன்று நாட்டில் உள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கட்டடம், பராமரிப்பு ஆகியவற்றின் சுமை பெரிதும் பள்ளி மேலாளர் வாரியத்தின் தோளில் விழுகிறது. அரசாங்கத்தின் சிறப்பு மானியங்கள் அவ்வப்போது வருகின்றன. ஆனால், அவற்றை எதிர்பார்த்து ஒரு பள்ளி தன் ஆண்டுக் கணக்கைப் போட முடியாது.

அடுத்தது மாணவர் எண்ணிக்கை. தோட்டத் துண்டாடலும் நில மேம்பாடும் நம் மக்களை நகர்ப்புறத்திற்கு நகர்த்தின. பள்ளிகள் பல பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்கிறோம். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் மானியம் அங்கே சுருங்குகிறது. கூரையும் கழிவறையும் மட்டும் மாணவர் குறைந்ததால் சுருங்குவதில்லை.

நான் பயின்றதும் அத்தகைய பள்ளியே. அங்கே பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, “வேன் இருக்கிறதா?” என்பதுதான். வேன் இல்லையென்றால் பிள்ளை வீட்டருகே உள்ள தேசியப் பள்ளிக்குப் போய்விடும். பிள்ளை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் வசதி குறையும். வசதி குறைந்தால் அடுத்த ஆண்டு இன்னும் சில பிள்ளைகள் குறைவர். ஒரு பள்ளி மெல்ல மெல்லச் சாவது இப்படித்தான்.

இருவகைச் செலவுகள்

பள்ளிச் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். மண்டபம், கணினி அறை, வேலி போன்றவை ஒருமுறைச் செலவு. வேன் கட்டணம், காலை உணவு, மாலை வகுப்பு, பழுதுபார்ப்பு ஆகியவை தொடர் செலவு. ஒருமுறைச் செலவுக்கு விருந்து, கலை நிகழ்ச்சி, நெடுநடை எல்லாம் பொருந்தும். கட்டி முடித்துப் பெயர்ப்பலகை மாட்டலாம்; கொடுத்தவருக்கும் மனநிறைவு. தொடர் செலவுக்குப் பெயர்ப்பலகை இல்லை. அதனால்தான் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனையே; நம் பள்ளிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 20 மாணவர்களுக்கு மாதம் 80 ரிங்கிட் வேன் கட்டணம் என்றால் மாதத்திற்கு 1,600 ரிங்கிட். 11 மாதங்களுக்கு 17,600 ரிங்கிட். இப்போது விருந்துக்கு வருவோம். மேசைக்கு 600 ரிங்கிட் வீதம் 50 மேசைகள் விற்றால் 30,000 ரிங்கிட் கிடைக்கும். உணவுக்கும் மண்டபத்திற்கும் மேசைக்கு 400 ரிங்கிட் என 20,000 போகும். ஒலி, ஒளி, பதாகை, நினைவுச் சின்னம் என மேலும் 4,000. எஞ்சுவது 6,000 ரிங்கிட். வேனுக்கு மட்டும் ஆண்டுக்கு மூன்று விருந்து வேண்டும்! ஆசிரியர்கள் மேசை விற்று அலைந்த நாள்களை இதில் சேர்க்கவில்லை.

இன்னொரு வழியைப் பார்ப்போம். 150 முன்னாள் மாணவர்கள் மாதம் 10 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு 18,000 ரிங்கிட். வேன் ஓடும். சிறு துளி பெரு வெள்ளம் என்பதை நாம் மேடையில் சொல்கிறோமே தவிர, வங்கிக் கணக்கில் செய்து பார்ப்பதில்லை.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய சிந்தனை அன்று. 1950-களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்காக நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராதவர்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று கொடுத்த பணம் அது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் 10 வெள்ளி சேமிக்கச் சொன்னார். அன்றைய தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் சில வெள்ளியே. அந்தப் பணம் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கியது. அது நன்கொடை அன்று, பங்குப் பணம் என்பது உண்மை. ஆயினும் சிறு தொகை, குறித்த காலம், தெளிவான நோக்கம் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன.

அண்டை நாடான சிங்கப்பூரில் 1991-இல் தொடங்கப்பட்ட சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாக மாதந்தோறும் சந்தா பெறுகிறது. 2015-இல் திருத்தப்பட்ட விகிதப்படி, சம்பளத்திற்கேற்ப அது 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். நம் நாட்டில் அத்தகைய சட்ட ஏற்பாடு இல்லை. ஆனால், ஒருமுறை சம்மதித்தால் பணம் தானாகச் செல்லும் வங்கிக் கட்டளை நம்மிடமும் உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒருவரை நினைவூட்டிக் கேட்டால் ஆறாம் மாதம் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். ஒருமுறை கேட்டு, ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் ஆண்டுக்கணக்கில் கொடுப்பார்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பெயர்ப் பட்டியல். ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின், இந்தப் பத்தாண்டுகளில் என் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒருவரும் என்னைத் தேடியதில்லை. உங்களில் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும். பள்ளியிடம் பழைய சேர்க்கைப் பதிவேடு உண்டு. ஒவ்வோர் ஆண்டு மாணவர் குழுவிலிருந்தும் ஒருவரைப் பிடித்தால், தம் வகுப்புத் தோழர்களை அவரே கண்டுபிடிப்பார். முகம் தெரியாதவர் அனுப்பும் வேண்டுகோளைவிட, “அண்ணே, நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாசம் பத்து வெள்ளி போடுறீங்களா?” என்று தெரிந்த தம்பி கேட்பது வேலை செய்யும்.

இரண்டாவது, பணம் தனிமனிதர் கணக்கில் சேரக்கூடாது. முன்னாள் மாணவர் சங்கத்தை 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, குறைந்தது இருவர் கையொப்பம் வைக்கலாம். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. பெரிய நிறுவனங்களை அணுக விரும்பினால், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அறவாரியம் வழியாகச் செல்வது நலம். கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும்.

மூன்றாவது, கணக்கு. நம் வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது முப்பது ஆண்டுகள் கழித்தும் தெரியும். பள்ளிக்குக் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் ஒரு ரசீதோடு உறவு முடிய வேண்டும்? மூன்று மாதத்திற்கொரு முறை ஒரு பக்க அறிக்கை போதும்: வந்தது இவ்வளவு, வேனுக்குப் போனது இவ்வளவு, மீதி இவ்வளவு. “பணத்தை யாரோ சாப்பிட்டுவிடுவார்கள்” என்னும் பேச்சுக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை.

நான்காவது, விலகுவோர். 150 பேரில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் நின்றுவிட்டால் 15 பேர் குறைவர். ஆகவே ஆண்டுக்கு 15 புதியவர்களையாவது சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கென்று ஒரு செயலவை உறுப்பினரை நியமித்து, ஈராண்டுக்கொரு முறை மாற்றலாம். ஒருவரின் உற்சாகத்தை மட்டும் நம்பிய திட்டம், அவருக்கு வேலை மாற்றலானதும் படுத்துவிடும்.

ஐந்தாவது, சேமிப்பு. வருவாயில் ஒரு பங்கை, பத்து விழுக்காடாயினும், நிரந்தர வைப்பில் போட்டு வரவேண்டும். வேன் பழுதாகும் மாதத்திலும் நன்கொடை குறையும் மாதத்திலும் அதுவே கைகொடுக்கும். விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது மக்களைக் கூட்டும் விழாவாக இருக்கட்டும். அங்கே மேசை விற்பதோடு, மாதச் சந்தாப் பாரத்தையும் கையில் கொடுக்கலாம்.

உரிமையும் பொறுப்பும்

“நாமே கொடுத்துக்கொண்டிருந்தால் அரசாங்கம் ஏன் கொடுக்கும்?” என்ற வாதத்தையும் புறந்தள்ள முடியாது. தமிழ்ப்பள்ளி இந்நாட்டுக் கல்வி முறையின் ஓர் அங்கம். கட்டடமும் நிலமும் கேட்பது நம் உரிமை. அதைத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால், மானியத்திற்கான கடிதம் மேசை மேசையாக நகரும் காலத்தில் ஏழு வயதுப் பிள்ளை வேனுக்காகக் காத்திருக்க முடியாது. மேலும், ஒழுங்கான கணக்கும் 150 கையொப்பங்களும் வைத்திருக்கும் பள்ளியின் குரல் அதிகாரிகளின் காதில் கூடுதலாகவே விழும்.

நண்பர்களே, இப்பேரவையில் நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் அகரம் பயின்று வந்தவர்கள். இப்போது நம் கையில் இருப்பது கல்விக் கடன்தான்; பணமில்லை. ஆனால், பெயர்ப் பட்டியல் தயாரிக்கப் பணம் வேண்டாம். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தலைமையாசிரியரைச் சந்தித்து, நம் ஆண்டு வகுப்புத் தோழர்களின் பெயர்களை எழுதி வாங்கலாம். வேலைக்குச் சென்ற அண்ணன்மார், அக்காமார் இதைப் படித்தால், வங்கியில் ஒரு கட்டளை இட ஐந்து நிமிடம் போதும். அந்தப் பத்து ரிங்கிட்டில் ஒரு பிள்ளையின் வேன் கட்டணத்தில் எட்டில் ஒரு பங்கு அடைபடும். மீதி ஏழு பங்குக்கு ஏழு பேரைத் தேடுவதே நம் வேலை.