சொல்லிசை குறித்த மாறுபட்ட கருத்துகள்

சொல்லிசை என்பது தாளத்துக்கு ஏற்ப, எதுகையும் இயைபும் அமையச் சொற்களை விரைவாகச் சொல்லிச் செல்லும் பாடல் முறை ஆகும். இது ராப் எனவும் அழைக்கப்படுகிறது. ஹிப் ஹாப் என்னும் பரந்த பண்பாட்டின் ஒரு பகுதியே சொல்லிசை. இசைத்தட்டுகளைக் கையாளும் டிஜே கலை, பிரேக் நடனம், சுவர் ஓவியம் ஆகியவை அதன் மற்றப் பகுதிகள். சொல்லிசை இசைதானா, எளியவரின் குரலா, வன்முறையைப் புகழும் பாட்டா என்ற விவாதம் நீண்ட காலமாகத் தொடர்கிறது. இக்கட்டுரை அக்கருத்துகளைத் தொகுத்து, எண்ணூர், பழவேற்காடு கடற்கரையோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டின் வழியாக அவற்றை ஆராய்கிறது.

தோற்றம்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்து ஹிப் ஹாப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வாழ்ந்த ஏழ்மையான பகுதி அது. 1979இல் சுகர்ஹில் கேங் குழுவின் பாடல் சொல்லிசையை நாடு முழுவதும் கொண்டு சென்றது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழு வெளியிட்ட 'தி மெசேஜ்' என்ற பாடல், ஏழ்மை மிக்க நகர்ப்புற வாழ்க்கையை நேரடியாகப் பேசியது. கொண்டாட்டம், கண்டனம் என்னும் இரண்டு இயல்புகளும் தொடக்கக் காலத்திலேயே இதில் அமைந்துவிட்டன.

எதிர்க் கருத்துகள்

சொல்லிசைக்கு எதிரான கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இதில் மெட்டு இல்லை என்பது. இசைக்கருவி வாசிக்கத் தெரியாதவர்கள் பிறருடைய பழைய பாடல்களிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டுகிறார்கள் என்பதும் இதனோடு சேர்ந்த குற்றச்சாட்டு.

இரண்டாவது, பாடல்களின் உள்ளடக்கம். துப்பாக்கி, போதை, பணப் பெருமை, பெண்களை இழிவுபடுத்துதல் ஆகியவை பல பாடல்களில் உள்ளன. 1990இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு நீதிமன்றம் 2 லைவ் க்ரூ குழுவின் தொகுப்பை ஆபாசமானது என்று தீர்ப்பளித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இந்த எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. கறுப்பின உரிமைப் போராளியான சி. டிலோரஸ் டக்கர் 1990களில் வன்முறைச் சொல்லிசையைக் கடுமையாக எதிர்த்தார்.

மூன்றாவது, இது அயல்நாட்டு இறக்குமதி, தமிழுக்குப் பொருந்தாதது என்பது.

ஆதரவுக் கருத்துகள்

மெட்டு மட்டுமே இசை அன்று, தாளமும் சொல்லும் இசையே என்பது ஆதரவாளர்களின் முதல் வாதம். விலை உயர்ந்த கருவியோ நீண்ட காலப் பயிற்சியோ மேடை வாய்ப்போ இல்லாதவர்களும் இதில் நுழைய முடிகிறது என்பது இரண்டாவது. ஒரு நீண்ட செய்தியைச் சில நிமிடங்களில் சொல்ல முடிகிறது என்பது மூன்றாவது. 2018இல் கென்ட்ரிக் லமாரின் 'டேம்ன்' தொகுப்பு இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. அதுவரை மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் மட்டுமே அப்பரிசு வழங்கப்பட்டிருந்தது.

தமிழில் இன்னொரு வாதமும் உண்டு. கொன்னக்கோல், வில்லுப்பாட்டு, ஒப்பாரி, கானா ஆகியவற்றிலும் தாளத்தோடு சொல் விரைந்து வருவதால் சொல்லிசை நமக்குப் புதிதன்று என்கிறார்கள். ஒற்றுமை இருப்பது உண்மை. ஆனால் ஒற்றுமையை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற இயலாது.

தமிழில் சொல்லிசை

1994இல் வெளியான 'காதலன்' திரைப்படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில் வந்த 'பேட்டை ராப்' இவ்வடிவத்தைத் தமிழகத்தில் பரவலாக அறிமுகப்படுத்தியது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, திரைப்படத்துக்கு வெளியே தமிழ்ச் சொல்லிசைக்கு ஓர் இடத்தை உருவாக்கியது. 2012இல் ஹிப்ஹாப் தமிழா இணையரின் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது. ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' பாடல் பெண்களை இழிவுபடுத்துவதாகக் கண்டிக்கப்பட்டது. அவர்களுடைய ஜல்லிக்கட்டு ஆதரவுப் பாடலை 2017 போராட்டத்தின்போது இளைஞர்கள் பெருமையோடு பகிர்ந்தனர். வடிவமும் கலைஞரும் ஒன்றாக இருந்தும், பாடலுக்கேற்பக் கேட்போரின் தீர்ப்பு மாறியது.

கொடைக்கானலும் எண்ணூரும்

சொல்லிசையின் தகுதியை எடைபோட இரண்டு பாடல்கள் உதவுகின்றன. இரண்டிலும் வெட்டிவேர் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு பங்கேற்றது. இரண்டு காணொளிகளையும் ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். ஆனால் இசை வடிவம் வேறு வேறு.

முதலாவது, சோஃபியா அஷ்ரஃப் 2015 ஜூலையில் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிசை. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலையில் ஏற்பட்ட பாதரச மாசு பற்றியது. அத்தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பாடல் ஒன்றின் இசைமீது புதிய சொற்களை அமைத்த இக்காணொளியைச் சில நாள்களில் பல லட்சம் பேர் பார்த்தனர். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. இதைப் பாடலின் வெற்றி என்று மட்டும் சொல்வது பிழை. தொழிலாளர்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகள் போராடி வந்தனர். அப்போராட்டத்தை அறியாதவர்களிடம் பாடல் கொண்டு சேர்த்தது.

இரண்டாவது, 2017 ஜனவரி 14 அன்று வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி, டி. எம். கிருஷ்ணா பாடிய இது சொல்லிசை அன்று. ஆனந்தபைரவி, பேகடை முதலிய இராகங்களில் அமைந்த கருநாடக இசை இராகமாலிகை. அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் சீரழியும் எண்ணூர்க் கழிமுகமே இதன் பொருள். சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதப்பட்டிருந்ததால், கருநாடக இசைக்கு இந்த மொழி தகுமா என்ற கேள்வி எழுந்தது.

சொல்லிசையை நோக்கி 'இது இசையா' என்கிறார்கள். கருநாடக இசையில் பேச்சுமொழி வந்தாலும் அதையொத்த கேள்வி எழுகிறது. இதிலிருந்து, எதிர்ப்பு எப்போதும் வடிவத்தின் மீதானது அன்று என்பது விளங்கும். யாருடைய மொழி எந்த மேடையில் ஒலிக்கலாம் என்பதும் விவாதத்தின் பொருளாகிறது. 2018இல் கிருஷ்ணாவும் சோஃபியாவும் அம்ரித் ராவும் கொடைக்கானலுக்காக மீண்டும் சேர்ந்து பாடியபோது, இரு வடிவங்களும் ஒரே பாடலில் இடம்பெற்றன.

பழவேற்காட்டுக் கரையும் புறம்போக்கும்

எண்ணூர்க் கழிமுகம் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு ஏரியோடு இணைந்துள்ளது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவியுள்ளது. இங்குள்ள மீனவ ஊர்களில் 'பாடு' என்னும் மரபு உண்டு. வலை கட்டும் இடங்கள் எவருக்கும் தனிச் சொத்து அல்ல. உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்து அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. புறம்போக்கு என்ற சொல்லும் முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நிலத்தையே குறித்தது. பின்னரே அது வசைச்சொல்லானது. அச்சொல்லின் பழைய மதிப்பைக் கிருஷ்ணா பாடிய பாடல் மீட்க முயன்றது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருவதால், பொது நீர்நிலை யாருடையது என்ற இக்கேள்வி அவர்களுடைய பிழைப்போடு தொடர்புடையது.

இங்கு ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். புறம்போக்குப் பாடலை எழுதியவரும் பாடியவரும் அம்மீனவ ஊர்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். தமிழ்க் கடற்கரைகளில் வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் தொடரும் அம்பாப் பாட்டு மரபு உண்டு. அதில் உழைப்பவரே பாடுபவர். சொல்லிசையின் வலிமையாகக் கூறப்படுவதும் இதுவே: பாதிக்கப்பட்டவர் தம் வாயால் பேசலாம். பா. ரஞ்சித்தும் தென்மாவும் உருவாக்கி, 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாப் பாடகர்களையும் சொல்லிசைக் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றியது.

ஆனால் வாய்ப்புக் கிடைப்பதும் உரிய பெயர் கிடைப்பதும் ஒன்றல்ல. 2021இல் அறிவு, தீ இருவரும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' நிலமற்ற உழைப்பாளரின் வரலாற்றைச் சொன்னது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் தீ இடம்பெற்று அறிவு இடம்பெறாதது கண்டனத்துக்கு உள்ளானது.

மதிப்பிடும் முறை

சொல்லிசை முழுவதும் நல்லது அல்லது தீயது என்று தீர்ப்பளிப்பது பயன் தராது. ஒரு பாடலைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுப்பலாம். சொல்லும் தாளமும் நன்றாக அமைந்துள்ளனவா? பாடல் யாரை உயர்த்துகிறது, யாரை இழிவுபடுத்துகிறது? யாருடைய வாழ்க்கை பாடப்படுகிறதோ, அவருக்கு அதில் பங்கும் பெயரும் உண்டா? முதல் இரண்டு கேள்விகள் பலராலும் கேட்கப்படுகின்றன. கடற்கரை மக்களைப் பற்றிய பாடல்களில் மூன்றாவதையும் சேர்த்துக் கேட்பது அவசியம்.