தன்னையே அருவருக்கும் மனம்

‘நான் செய்தது பிழை’ என்பது குற்றவுணர்வு. அதற்கு மன்னிப்புக் கேட்கலாம், திருத்திக்கொள்ளலாம். ‘நானே அசுத்தம்’ என்பது சுய அருவருப்பு. திருத்த எதுவும் இல்லாததால், அங்கே மனம் தன்னிடமிருந்தே ஒளியத் தொடங்குகிறது.

கெட்ட உணவிலிருந்து உடலைக் காக்கும் உணர்வுதான் அருவருப்பு. ஆனால் அது எளிதில் பரவும். கிருமிநீக்கிய கரப்பான்பூச்சி பட்ட பானத்தைக்கூட மக்கள் குடிக்க மறுத்ததை உளவியலாளர் போல் ரொசின் குழுவினர் 1986இல் காட்டினர். தன்பாலீர்ப்புள்ள இளைஞர் சிறுவயது முதல் கேட்கும் கேலியும் இப்படித்தான் வேலை செய்கிறது. பழிக்கப்படுவது ஓர் ஆசை. கறைபடுவதோ முழு ஆளும்.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் பிரித்தானியக் கடற்படை 1957இல் போய்விட்டது. அந்த ஆட்சி தந்த 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் போகவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. அதன் பின்னரும் அப்பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் நின்றன.

சட்டம் குற்றமென்பதை ஊர் அசிங்கமென்கிறது. ஊர் சொல்வதை மனம் தன் குரலாக்கிக்கொள்கிறது. இதனை ‘சிறுபான்மையினர் மன அழுத்தம்’ என்று இலன் மேயர் 2003இல் விளக்கினார்.

தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நீக்கிவிட்டது. எனவே சிகிச்சை தேவைப்படுவது ஆசைக்கல்ல, அருவருப்புக்கே. அது கற்றுக்கொண்ட உணர்வு. பழித்துரைக்காத ஒருவரிடம் மனந்திறந்து பேசும்போது மெல்லத் தளரும். உறங்கவிடாமல் அது வாட்டினால், தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.